எடுத்தது போக மிச்சம்

1992 ஜூலை 2ஆம் தேதி கனடாவின் மீன்வள அமைச்சர் ஜான் குரோஸ்பி, தன் சொந்த ஊரான செயின்ட் ஜான்ஸில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். நியூஃபவுண்ட்லாந்து கடலில் வடக்குக் காட் மீனை இனி யாரும் வணிகத்துக்காகப் பிடிக்கக் கூடாது. தடை இரண்டு ஆண்டுகளுக்கு. படகுக்காரர்கள், ஆலைகளில் மீன் அறுப்பவர்கள் என்று சுமார் 30,000 பேரின் பிழைப்பு அன்றோடு நின்றது. கனடாவில் ஒரே நாளில் அத்தனை பேர் வேலை இழந்தது அதற்குமுன் நடந்ததில்லை.

இரண்டு ஆண்டுத் தடை 32 ஆண்டுகள் நீண்டது. 2024 ஜூனில்தான் வணிக மீன்பிடிப்பு மறுபடி திறக்கப்பட்டது. அந்த ஆண்டு அனுமதிக்கப்பட்ட அளவு 18,000 டன். அதே கடலில் 1968இல் பிடிபட்டது சுமார் எட்டு லட்சம் டன்.

பேராசைதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். பேராசை இருந்தது, மறுப்பதற்கில்லை. 1950கள் முதல் ஐரோப்பிய, சோவியத் ஆலைக்கப்பல்கள் உறைபெட்டிகளோடு வந்து இரவு பகலாக வாரின. ஆனால் 1977இல் கனடா 200 கடல்மைல் எல்லையை அறிவித்து அந்நியக் கப்பல்களைப் பெருமளவு வெளியேற்றிவிட்டது. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் அறிவியலாளர்கள் மீனை மதிப்பிட்டார்கள். இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் எடுப்பது என்று திட்டமிட்டு ஒதுக்கீடு வகுத்தார்கள். உலகிலேயே கவனமாக நிர்வகிக்கப்பட்ட மீன்வளங்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய கடல் அது. அங்கேதான் மீன் தீர்ந்தது.

எங்கே பிசகியது? காட் கூட்டமாக வாழும் மீன். எண்ணிக்கை குறையக் குறைய, எஞ்சியவை கடல் முழுக்கப் பரவி நிற்காமல், தமக்கு ஒத்துவரும் சில இடங்களில் நெருங்கிக்கொண்டன. எதிரொலிக் கருவி பொருத்திய இழுவைக் கப்பல்கள் நேராக அந்த இடங்களுக்கே போயின. ஒரு மணி நேரம் வலை இழுத்தால் கிடைக்கும் மீனின் எடை முன்புபோலவே இருந்தது. புதிய கருவிகள் வந்தபின் கூடவும் செய்தது. அந்த எண்ணைச் சமன்பாட்டில் போட்டால், கடலில் மீன் ஏராளம் என்று விடை வரும். வந்தது. இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு என்று நினைத்துக்கொண்டு அதைவிடப் பன்மடங்கை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கரையோரத்தில் சிறு படகில் போய் நிலைவலை வைப்பவர்களின் அனுபவம் வேறு. அவர்களால் மீனைத் துரத்திக்கொண்டு போக முடியாது. மீன் கரைக்கு வர வேண்டும். வரத்து குறைகிறது, வருவதும் சிறுத்துவிட்டது என்று 1980களிலேயே அவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை அட்டவணையில் ஏற்ற எந்தக் கட்டமும் இல்லை.

சிறுத்துவிட்டது என்ற அந்தப் பேச்சுக்குப் பின்னால் இன்னொரு சங்கதியும் இருந்தது. சரிவுக்கு முந்தைய ஆண்டுகளின் பதிவுகளை ஆராய்ந்து 2004இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு, காட் மீன்கள் வழக்கத்தைவிட இளவயதில், சிறிய உடலோடு பருவமடையத் தொடங்கியிருந்தன என்று காட்டியது. பெரிய மீனாகும்வரை காத்திருந்தவை வலையில் போய்விட்டன. அவசரமாக முட்டையிட்டவற்றின் சந்ததி தங்கியது. வலை, தன்னை அறியாமல் மீனினத்தைப் பொறுக்கி வளர்த்திருக்கிறது. பெரிய தாய்மீன் ஒன்று பல லட்சம் முட்டைகள் இடும். சிறுமீன்களால் அந்த இடத்தை ஈடுகட்ட முடியாது.

இந்தச் சரிவுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பு கடல் தீராது என்பதுதான் படித்தவர்களின் நம்பிக்கை. 1883இல் லண்டனில் நடந்த மீன்வளக் கண்காட்சியில் பேசிய தாமஸ் ஹக்ஸ்லி, காட், ஹெர்ரிங் போன்ற பெருங்கடல் மீன்வளங்கள் அநேகமாக வற்றாதவை என்றார். டார்வினின் தளபதியே அப்படிச் சொன்னபோது வேறு யார் மறுப்பது? மறுப்பு போரின் வழியாக வந்தது. முதல் உலகப் போரில் வட கடலில் மீன்பிடிப்பு பெருமளவு நின்றுபோனது. போர் முடிந்து படகுகள் திரும்பியபோது மீன்கள் நிறையவும் பெரிதாகவும் கிடைத்தன. சில ஆண்டுகளில் பழையபடி குறைந்தன. யாரும் திட்டமிடாத ஒரு சோதனை, மனிதக் கை கடலையும் எட்டும் என்று நிறுவிவிட்டது.

எடுத்தால் தீரும் என்பது காட்டை நிர்வகித்தவர்களுக்கு முன்பே தெரியும். ஜெர்மனியின் சாக்சனியில் வெள்ளிச் சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் மரம் வெட்டி வெட்டிக் காடு மொட்டையானபோது, சுரங்க நிர்வாகியான ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் 1713இல் ஒரு நூல் எழுதினார். வளர்வதற்கு மேல் வெட்டாதே என்பது அதன் சாரம். மரத்துக்கு அது சுலபம். மரம் நின்ற இடத்தில் நிற்கும். சுற்றளவை நாடா போட்டு அளக்கலாம். மீனுக்கு அந்தக் கணக்கைக் கொண்டுவந்தது இருபதாம் நூற்றாண்டு. ஓர் இனம் தன் உச்ச எண்ணிக்கையில் இருக்கும்போது இடத்துக்கும் இரைக்கும் நெருக்கடி; பெருக்கம் மந்தமாகும். மிகக் குறைந்துவிட்டாலோ பெற்றுப் போட ஆள் இல்லை. நடுவில், ஏறத்தாழப் பாதி அளவில், பெருக்கம் உச்சத்தில் இருக்கும். அந்த உபரியை மட்டும் எடுத்துக்கொண்டால் காலமெல்லாம் எடுக்கலாம். அமெரிக்க அறிவியலாளர் மில்னர் ஷேஃபர் 1954இல் இதைச் சூத்திரமாக்கினார். 1982இல் ஐ.நா. கடற்சட்டமும் இந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டது.

அசலில் கை வைக்காமல் வட்டியை மட்டும் எடுப்பது என்று இதைப் பாடநூல்கள் விளக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வங்கியில் இருப்பு எவ்வளவு என்று பாஸ்புக் கிடையாது. வட்டி விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறும்; மாறியது மூன்று ஆண்டு கழித்துத்தான் தெரியும். எல்-நினோ வந்தால் வட்டி பூஜ்யமாகும். பெருவின் நெத்திலி மீன்வளம் 1970இல் ஒரு கோடி டன்னுக்கு மேல் கொடுத்துவிட்டு, 1972இன் எல்-நினோவில் சடசடவென்று சரிந்தது இப்படித்தான். கனடாவின் உயிரியலாளர் பீட்டர் லார்கின் இந்தச் சூத்திரத்துக்கு இரங்கற்பா பாடி 1977இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கனடா 200 மைல் எல்லையை அறிவித்த அதே ஆண்டு! கட்டுரை புகழ்பெற்றது. ஒதுக்கீடு வகுப்பது நிற்கவில்லை.

கணக்கு தவறும் என்றால் தடை போட்டுவிடலாமே என்ற யோசனை இயல்பாக எழும். மன்னார் வளைகுடாவில் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

கடல் அட்டையைத் தமிழ்நாட்டுக் கரையில் உண்பதில்லை. வயிற்றைக் கீறி, வேகவைத்து, மணலில் புதைத்து, மேல்தோலைத் தேய்த்து நீக்கி, வெயிலில் காயவைத்துச் சீனச் சந்தைக்கு அனுப்பும் தொழில் ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் நெடுங்காலம் நடந்தது. பகலில் மணலுக்குள் புதைந்துகிடக்கும் இந்தப் பிராணி, மணலை விழுங்கி அதிலுள்ள மக்கிய பொருளைத் தின்று, சுத்தமான மணலை வெளியே தள்ளும். ஓடாது, கடிக்காது; குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். விலை ஏற ஏற அட்டை சிறுத்தது. 1982இல் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த காய்ந்த அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று விதி வந்தது. காய்ந்தபின் அளந்து என்ன பயன்? அதற்குள் அட்டை செத்து வெந்து கருவாடாகிவிடுகிறது. 2001 ஜூலையில் எல்லாக் கடல் அட்டை இனங்களையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு.

தடைக்கு உயிரியல் நியாயம் உண்டு. கடல் அட்டைகளில் ஆணும் பெண்ணும் சேர்வதில்லை. ஆண் விந்தையும் பெண் முட்டையையும் நீரில் விடும்; இரண்டும் நீரில் கலந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அக்கம்பக்கத்தில் போதிய அட்டைகள் இருந்தால்தான் கரு உண்டாகும். ஒரு சதுரக் கிலோமீட்டரில் பத்து அட்டைகள் சிதறிக் கிடந்தால், கணக்கில் அவை பத்து. இனப்பெருக்கத்தில் பூஜ்யத்துக்குப் பக்கம். ஷேஃபரின் சூத்திரம் குறைந்த எண்ணிக்கையிலும் ஏதோ கொஞ்சம் பெருகும் என்று நம்புகிறது. அட்டை அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கும் பிராணி.

ஆனால் பாக் நீரிணையின் அந்தப் பக்கம், இலங்கையில், உரிமத்தோடு அட்டை பிடிப்பது சட்டப்படி செல்லும். ஒரே கடல், இரண்டு சட்டம். விளைவை ஊகிக்க அறிவியல் தேவையில்லை. மண்டபம், தொண்டிப் பக்கம் கடத்தல் அட்டை பிடிபடும் செய்தி இன்றுவரை நின்றபாடில்லை. மீன் வலையில் தானாக வந்து விழும் அட்டையைத் திருப்பிப் போடுவதா, ஒளித்துவைப்பதா என்பது ஒவ்வொரு மீனவனின் அன்றாடச் சங்கடம். இதில் பெரிய இழப்பு வேறு. சட்டப்படி கரைக்கு வராத பொருளைக் கரையில் நின்று எண்ண முடியாது. எந்த மாதம், எந்தத் திட்டில், எந்த அளவு அட்டை வந்தது என்ற விவரம் தடையோடு தலைமறைவாயிற்று.

இன்னொன்று. வெள்ளை அட்டையைக் குஞ்சகத்தில் முட்டையிடவைத்துக் குஞ்சு எடுக்கும் வித்தையை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் 1988இலேயே தூத்துக்குடியில் சாதித்துவிட்டார்கள். அதன்பின் வியட்நாமும் மடகாஸ்கரும் அட்டைப் பண்ணைகள் அமைத்தன. இலங்கையின் வடக்கில் யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரைகளில் இப்போது பண்ணைகள் வரிசையாக இருக்கின்றன. கடலை வேலி போட்டு அடைக்கிறார்கள் என்று அங்குள்ள சிறு மீனவர்கள் எதிர்ப்பதும் நடக்கிறது. தூத்துக்குடியில் பண்ணை வைக்கவே வழியில்லாமல் போனது.

சந்தனத்தின் கதையும் இதே சாயல்தான். தன் நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரமும் அரசுக்குச் சொந்தம் என்று இருந்த காலத்தில், கன்று தென்பட்டால் விவசாயி பிடுங்கி எறிந்தார். வைத்துக்கொண்டால் திருடனும் வருவான், வனத்துறையும் வரும். கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும்தான் மரத்தின் உடைமையை நிலத்துக்காரருக்குத் தந்தன. அதற்குள் மேற்கு ஆஸ்திரேலியாவின் குனனுராவில் இந்தியச் சந்தனம் தோட்டப் பயிராகியிருந்தது.

தடை எல்லா இடத்திலும் தோற்கும் என்று சொல்ல வரவில்லை. ஒதுக்கீடும் தடையும் எதிர்த் துருவங்களாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு: ஒரு முறை முடிவெடுத்துவிட்டு, பிறகு உயிரினத்தைப் பார்ப்பதை விட்டுவிட அவை இடம் தருகின்றன. எடுப்பவன் கண்ணில் படுவது ஆவணத்தில் ஏறாதவரை எந்த எண்ணும் நாளடைவில் பழசாகிவிடும்.

பார்க்காமல் விடுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையைப் பார்க்க வேண்டும். சத்தியமங்கலம் காட்டுக்கு வடக்கே தொடரும் மலை அது. இரண்டு பக்கமும் சோளகர்கள் வாழ்கிறார்கள். வேட்டையும் காட்டெரிப்பு விவசாயமும் நின்றபின் அவர்களுக்குக் கைக்காசு தந்தவை தேன், பாசி, நெல்லிக்காய். காட்டு நெல்லியைப் பறித்துப் பழங்குடிக் கூட்டுறவுச் சங்கத்தில் கொடுப்பார்கள். ஊறுகாயாகவும் லேகியமாகவும் அது ஊரெல்லாம் போகும். 1990களில் ஆய்வாளர்கள் காட்டுக்குள் மரங்களை எண்ணிப் பார்த்தபோது நெல்லியின் இளங்கன்றுகள் குறைவாக இருந்தன. பறிப்பு அதிகம், விதை விழ வழியில்லை என்ற சந்தேகம் வந்தது. கிளையை வெட்டிச் சாய்த்துப் பறிப்பவர்களும் சிலர் இருந்தார்கள் என்பதால் சந்தேகம் வலுத்தது.

சோளகர்கள் வேறொன்றைக் காட்டினார்கள். நெல்லிமரத்தின் உச்சியில் புல்லுருவி. பூக்கொத்திக் குருவி புல்லுருவிப் பழத்தைத் தின்று, பிசுபிசுப்பான விதையை அடுத்த கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். விதை கிளைக்குள் வேர்விட்டு மரத்தின் நீரை உறிஞ்சும். காய்ப்பு குறையும், சில ஆண்டுகளில் மரமே பட்டுப்போகும். முன்பெல்லாம் கோடையின் தொடக்கத்தில் சருகு நெருப்பு வைப்போம், அது தரையோடு மெதுவாக ஓடும், அந்த அனலில் புல்லுருவி அடங்கும், உண்ணிச்செடியும் தலையெடுக்காது, இப்போது நெருப்பு வைக்க விடுவதில்லை என்பது அவர்களின் வாதம். 1974இல் சரணாலயம் ஆனபின் காட்டுத்தீ குற்றமாகிவிட்டது. ஆய்வாளர்கள் பிற்பாடு எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், நெல்லியின் நலிவில் புல்லுருவியின் பங்கு பெரிது என்றே தெரிந்தது. உண்ணிச்செடியைப் பற்றிய பேச்சும் வெறும் பேச்சில்லை. 1997இல் ஆய்வுக்கென்று குறித்த இடங்களில் 41 விழுக்காட்டில் இருந்த அந்தச் செடி, 2008இல் 81 விழுக்காட்டில் இருந்தது.

இதற்கு நடுவில் 2006இல் சரணாலயத்துக்குள் காட்டு விளைபொருள் எடுப்பதையே நிறுத்தினார்கள். நெல்லியைக் காப்பதாக நினைத்துப் போட்ட பூட்டு, நெல்லிமரத்தில் ஏறிப் புல்லுருவியைப் பார்க்கக்கூடிய, வெட்டிப் போடக்கூடிய ஒரே கூட்டத்தை வெளியே நிறுத்தியது. 2011இல் வன உரிமைச் சட்டத்தின்படி சோளகர்களின் சமூக உரிமை ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் காடு புலிகள் காப்பகமும் ஆனது. உரிமை வந்துவிட்டது என்பதற்காகப் பழைய சருகு நெருப்பை அப்படியே திரும்ப வைத்துவிடவும் முடியாது. ஆளுயர உண்ணிப் புதர் மண்டிய காட்டில் தீ வைத்தால் அது தரையோடு போகாது. மரத்தின் தலைக்கே ஏறும். பழைய அறிவு பழைய காட்டுக்கு உரியது. புதிய காட்டுக்குப் புதிதாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பார்ப்பதை விதியோடு சேர்த்துக் கட்டிய இடங்களும் உண்டு. மன்னார் வளைகுடாவின் சங்கு குளித்தலில், அளவுக்குத் தேறாத சங்கை உயிரோடு கடலில் திருப்பிவிட வேண்டும் என்று சென்னை மாகாணக் காலத்திலேயே விதி இருந்தது. சங்கின் குஞ்சு கூட்டை விட்டு வெளியே வரும்போதே ஊர்ந்துதான் வரும். நீரோட்டத்தில் மிதந்து வெகுதூரம் பரவாது. ஒரு திட்டை வழித்து எடுத்துவிட்டால் பக்கத்துத் திட்டிலிருந்து வந்து நிரம்பப் பல காலமாகும். அதனால் சிறுசைத் திருப்பிப் போடுவது அங்கே பொருள் உள்ள விதி. குளிப்பவர் கையிலேயே அளந்து பார்க்கலாம். தமிழகக் கிழக்குக் கரையின் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருப்பதன் பலமும் அதுதான்: படகு கரையில் நிற்கிறதா இல்லையா என்பதைச் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். மீறினால் ஒளிக்க முடியாது.

இந்த வகையில் நன்றாக அமைந்தது கொல்லத்து அஷ்டமுடிக் காயல். சிறு வள்ளத்தில் நின்றபடி கைவாரியால் மட்டி அள்ளுவதும், மூழ்கி எடுப்பதும் அங்கே சுமார் 3,000 பேருக்குப் பிழைப்பு. 1980களில் வியட்நாம், தாய்லாந்து, மலேசியாவிலிருந்து தேவை பெருகியது. மட்டி மலையாகக் குவிந்தது. 1993 வாக்கில் வரத்து பாதியாகக் குறைந்தது. அதன்பின் நான்கு விதிகள் வந்தன. மட்டி இனப்பெருக்கம் செய்யும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அள்ளக் கூடாது. வலைக்கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சிறு மட்டியின் சதையை ஏற்றுமதிக்கு எடுக்கக் கூடாது. இயந்திரத்தால் வாருவதும் கூடாது. இந்த நான்காவதுதான் மற்ற மூன்றையும் காப்பாற்றியது. கையால் அள்ளுபவனுக்கு ஒரு நாளில் அள்ள முடிந்ததற்கு ஓர் எல்லை உண்டு. விதி பேசி முடிவாகும் இடத்தில் மட்டி அள்ளுபவர், ஏற்றுமதிக்காரர், ஆய்வாளர், அரசு அதிகாரி எல்லோருக்கும் நாற்காலி இருந்தது. 2014இல் கடல்சார் மேற்பார்வைக் கழகத்தின் நிலைத்த மீன்பிடிப்புச் சான்றிதழ் அஷ்டமுடி மட்டிக்குக் கிடைத்தது. இந்தியாவில் எந்த மீன்வளத்துக்கும் அது முதல் முறை.

சான்றிதழ் கிடைத்து ஐந்து ஆண்டுகள் ஆவதற்குள் காயலில் புதிய சிப்பி ஒன்று தென்பட்டது. மத்திய, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த சாரு சிப்பி. இது போன்ற உயிர்கள் கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டோ, நிலைப்படுத்த ஏற்றும் நீரிலோ கடல் கடக்கும். தூண், கல், வலைக் கம்பு என்று எதிலும் அது கொத்துக் கொத்தாகப் பற்றிக்கொண்டது. மட்டி வாழும் மணல் படுகை மேலும் பாய்போல் படர்ந்தது. மட்டியும் சிப்பியும் ஒரே நீரை வடிகட்டித் தின்பவை. படுகை மூடப்பட்டால் மட்டிக் குஞ்சுக்கு இறங்க இடமில்லை. வரத்து மறுபடி குறைந்தது. இந்த முறை யாரும் டிசம்பரில் அள்ளியதாலோ வலைக்கண்ணைச் சுருக்கியதாலோ குறையவில்லை.

அஷ்டமுடியின் விதிகளில் மாதத்துக்கும் வலைக்கும் அளவுக்கும் இடம் இருந்தது; கப்பலின் அடிப்பாகத்துக்கு இல்லை. அதற்கான விதியைக் கொல்லத்தில் உட்கார்ந்து எழுதவும் முடியாது. அது துறைமுகங்களிலும் பன்னாட்டு ஒப்பந்தங்களிலும் எழுதப்பட வேண்டியது. காயலில் செய்ய முடிந்ததைச் செய்கிறார்கள். குஞ்சகத்தில் வளர்த்த மட்டிக் குஞ்சுகளை லட்சக்கணக்கில் கொண்டுவந்து, சிப்பி இன்னும் மூடாத படுகைகளில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் விதைத்திருக்கிறார்கள். எந்தப் படுகை மூடாமல் இருக்கிறது என்பதை, நாள்தோறும் அங்கே மூழ்கி எழுபவரிடம்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.